புள்ளியும் கோடும் புயலிலும் பேசும்!

2018–ம் ஆண்டு நவம்பர் மாதம் 16–ந் தேதி. விடியற்காலை நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை ஏறியது.

கரை ஏறிய புயல் அங்கேயே நின்று விடவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் புகுந்து ஆடித் தீர்த்தது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கம் எல்லாம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. பெற்ற பிள்ளை போல வளர்த்த மரங்கள்! புயல் அடித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் விழுந்தன.

மின்சாரம் போயிற்று. பின்னாலேயே செல்போனும் போயிற்று. செல்போன் கோபுரத்துக்கும் மின்சாரம்தானே சாப்பாடு? பேட்டரி தீர்ந்ததும் கோபுரம் ஊமை ஆகி விட்டது. கட்டிக் கொடுத்த மகள் எப்படி இருக்கிறாள் என்று தாய்க்குத் தெரியவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு ஊரில் வீடு நிற்கிறதா, விழுந்ததா என்று தெரியவில்லை. கிராமங்கள் தீவு போல் தனித்து நின்றன.

அந்தப் புயல் அடித்து எட்டு நாள் கழித்து, நவம்பர் 24, 25–ந் தேதிகளில், உலகத்தில் ஒரு போட்டி நடந்தது. எத்தனையோ நாடுகளில் ஆயிரக்கணக்கான பேர் சின்ன ரேடியோப் பெட்டிகள் முன்னால் உட்கார்ந்தார்கள். "டிட், டா" என்று தட்டினார்கள். செல்போன் இல்லை. கோபுரம் இல்லை. இன்டர்நெட் இல்லை. ஒரு கம்பியைக் கட்டித் தொங்க விட்டு, கடல் தாண்டி, மலை தாண்டிப் பேசிக் கொண்டார்கள்!

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் விளையாட்டாகச் செய்தது, அந்த நேரத்தில் நமக்கு உயிர் காக்கும் காரியம் அல்லவா?

அந்த விளையாட்டு, புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

தந்தியின் பாஷை

"டிட், டா" என்பது என்ன? அதுதான் மோர்ஸ். தந்தியின் பாஷை.

ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளியும் கோடும் சேர்ந்த ஓர் அடையாளம் உண்டு. புள்ளி என்றால் குறுகிய ஓசை: "டிட்". கோடு என்றால் நீண்ட ஓசை: "டா". ஒரு கோடு மூன்று புள்ளி நேரம் ஒலிக்க வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம்.

அமெரிக்காவைச் சேர்ந்த சாமுவேல் மோர்ஸ், 1844–ம் ஆண்டு மே 24–ந் தேதி வாஷிங்டனில் இருந்து பால்டிமோர் நகரத்துக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். அவருக்கு உதவியாக இருந்தவர் ஆல்பிரட் வெயில். இவர் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். அச்சுக்கூடத்துக்குப் போனார். எந்த எழுத்து அச்சு அதிகமாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். இங்கிலீஷில் "ஈ" என்ற எழுத்துத்தான் அதிகம். உடனே அதற்கு ஒரே ஒரு புள்ளியைக் கொடுத்தார். அடிக்கடி வரும் இன்னொரு எழுத்து "டி". அதற்கு ஒரே ஒரு கோடு. அபூர்வமாக வரும் எழுத்துக்கு நீளமான அடையாளம். சிக்கனம் என்றால் இதுதான் சிக்கனம்!

உங்களுக்கே தெரியாமல் நீங்கள் மோர்ஸ் கேட்டிருப்பீர்கள். பழைய நோக்கியா செல்போனில் குறுஞ்செய்தி வந்தால் ஓர் ஓசை எழும். மூன்று சின்ன ஓசை, இரண்டு நீண்ட ஓசை, மறுபடி மூன்று சின்ன ஓசை. அது "எஸ்.எம்.எஸ்." என்ற மூன்று எழுத்தின் மோர்ஸ் ஒலிதான்!

தந்தி போனது, மோர்ஸ் போகவில்லை

"தந்தி ஆபீசையே மூடி விட்டார்களே! இனி மோர்ஸ் எதற்கு?" என்று கேட்கலாம்.

உண்மைதான். 2013–ம் ஆண்டு ஜூலை மாதம் இந்தியாவில் தந்தி சேவை நின்றது. "தந்தி வந்திருக்கிறது" என்றால் வீட்டில் அழுகுரல் கிளம்பிய காலம் முடிந்தது. அதற்கு முன்னாலேயே, 1999–ம் ஆண்டு பிப்ரவரியில், கப்பல்களும் ஆபத்துக் காலத்தில் மோர்சை நம்பியிருப்பதை விட்டு, செயற்கைக் கோள் முறைக்கு மாறி விட்டன. 1912–ல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய போது 700–க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்களே, அவர்களைக் காப்பாற்ற கார்பேத்தியா கப்பலை அழைத்து வந்தது மோர்ஸ்தான்.

அரசாங்கம் விட்டது. கப்பல் விட்டது. ஆனால் ஒரு கூட்டம் மட்டும் விடவில்லை. அவர்கள்தான் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். "ஹாம்" என்று சொல்வார்கள். சம்பளத்துக்காக அல்ல, ஆசைக்காக ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்கள். வக்கீல் இருப்பார். வாத்தியார் இருப்பார். மெக்கானிக் இருப்பார். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஹாம்தான்.

2003–ம் ஆண்டு நடந்த உலக ரேடியோ மாநாடு, "ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் தேவை இல்லை. அந்தந்த நாடு விருப்பம் போல் முடிவு செய்யலாம்" என்று சொல்லி விட்டது. பல நாடுகள் மோர்ஸ் தேர்வை எடுத்து விட்டன. "இனி மோர்ஸ் செத்தது" என்றார்கள் பலர். நடந்ததோ வேறு. கட்டாயம் போன பிறகும் ஜனங்கள் ஆசையாகக் கற்கிறார்கள். காரணம், போட்டி!

48 மணி நேரப் போட்டி

உலகத்திலேயே பெரிய மோர்ஸ் போட்டிகளில் ஒன்று, நவம்பர் மாதத்தின் கடைசி முழு சனி, ஞாயிறில் நடக்கிறது. 1948–ல் தொடங்கிய போட்டித் தொடர் இது. நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30 மணிக்கு ஆரம்பம். திங்கட்கிழமை காலை 5.30 மணிக்கு முடிவு. ஆக 48 மணி நேரம்!

எத்தனை நிலையங்களோடு பேசுகிறோம் என்பதுதான் கணக்கு. உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு இருப்பது 22–வது மண்டலம். வேறு கண்டத்து நிலையத்தோடு பேசினால் 3 புள்ளி. ஆசியாவுக்குள்ளேயே வேறு நாட்டோடு பேசினால் 1 புள்ளி. இப்படிச் சேர்ந்த புள்ளிகளை, நாம் பிடித்த மண்டலங்கள், நாடுகள் இவற்றின் கூட்டுத் தொகையால் பெருக்க வேண்டும். எனவே ஒரே நாட்டோடு பேசிக் கொண்டிருந்தால் ஜெயிக்க முடியாது. மூலை முடுக்கெல்லாம் தேட வேண்டும்.

பேச்சு எப்படி இருக்கும்? மிகவும் சுருக்கம்.

முதலில் நிலையத்தின் அழைப்புப் பெயர். இந்தியாவின் ஹாம்களுக்குப் பெரும்பாலும் "வி.யூ." என்று தொடங்கும். பிறகு "599". "உன் ஓசை தெளிவாக, பலமாக, சுத்தமாகக் கேட்கிறது" என்று அர்த்தம். பிறகு மண்டல எண்: "22". தீர்ந்தது! அடுத்த ஆள்!

இதிலும் ஒரு சிக்கனம். 9 என்ற எண்ணுக்கு நான்கு கோடும் ஒரு புள்ளியும் தட்ட வேண்டும். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? அதற்குப் பதில் "என்" என்ற எழுத்தைத் தட்டுவார்கள். ஒரு கோடு, ஒரு புள்ளி. முடிந்தது. எதிராளிக்குப் புரியும்.

ஜூன் மாதத்தில் ஜப்பான் ஹாம் சங்கம் "அகில ஆசியப் போட்டி" நடத்துகிறது. அதில் மண்டல எண்ணுக்குப் பதிலாக வயதைச் சொல்ல வேண்டும்! 16 என்று ஒரு பையன் தட்டுவான். 81 என்று ஒரு தாத்தா பதில் தட்டுவார். பேரனும் தாத்தாவும் ஒரே களத்தில் மோதும் போட்டி வேறு எங்கே உண்டு? பெண்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவர்கள் வயதைச் சொல்லாமல் "00" என்று தட்டலாம் என்பது நெடுநாளாக இருந்து வந்த விதி. விதி போட்டவர் உலகம் தெரிந்தவர்!

அவசரக்காரனுக்கு அபராதம்

போட்டி முடிந்ததும் எல்லாரும் தங்கள் குறிப்பை அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஓர் எழுத்துத் தப்பாகக் குறித்திருந்தாலும் அந்தப் பேச்சு கணக்கில் சேராது. அதற்கு மேல் அபராதமும் உண்டு.

ஆகவே வேகம் மட்டும் போதாது. பிழை இல்லாத வேகம் வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். இடி மின்னலின் கரகரப்பு இருக்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றும். அத்தனைக்கும் நடுவில், ஒரு மெல்லிய ஓசையைப் பிடித்து, சரியாக எழுத வேண்டும்.

இதுதான் போட்டியின் உயிர். புயல் நாளில் வேண்டிய திறமையும் இதுதான்!

ஜீரோ வாட் பல்பு போதும்!

நம் வீட்டில் இரவில் எரிகிற சின்ன விளக்கை "ஜீரோ வாட் பல்பு" என்று சொல்கிறோம். அது சாப்பிடும் மின்சாரம் சில வாட்தான். உலகப் போட்டியில் "5 வாட் பிரிவு" என்றே தனிப் பிரிவு உண்டு. அந்தச் சின்ன விளக்குக்கு ஆகிற சக்தியை வைத்து ஜப்பானோடும் ஐரோப்பாவோடும் பேசுகிறார்கள்!

எப்படி முடிகிறது? இரண்டு காரணம்.

ஒன்று, ஆகாயம். பூமிக்கு மேலே மின்னூட்டம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று இருக்கிறது. அது சிற்றலையைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. அலை மேலே போய், கீழே இறங்கி, மறுபடி மேலே போய், தவளை போலத் தத்தித் தத்திக் கடலைத் தாண்டி விடும்.

இரண்டு, மோர்சின் ஒடுக்கம். வாயால் பேசும் பேச்சு, அலைவரிசையில் அகலமான இடத்தை அடைத்துக் கொள்ளும். மோர்சுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். சக்தி எல்லாம் ஒரு மெல்லிய கோட்டில் குவிகிறது. அகல வாய்ப் பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் அடியில் கிடக்கும். அதே தண்ணீரைச் செம்பில் ஊற்றினால் கழுத்து வரை நிற்கும். அது போலத்தான். வாய்ப் பேச்சு இரைச்சலில் கரைந்து போன பிறகும், மோர்சின் ஓசை காதுக்கு எட்டும்.

சின்ன ரேடியோ, மோட்டார் சைக்கிள் பேட்டரி, கொஞ்சம் கம்பி. இவ்வளவும் ஒரு பைக்குள் அடங்கி விடும். புயலில் கம்பி அறுந்தாலும் கவலை இல்லை. நிற்கிற இரண்டு மரத்துக்கு நடுவே மறுபடி கட்டி விடலாம். செல்போன் கோபுரத்தை அப்படிக் கட்ட முடியுமா?

பொழுதுபோக்கு என்று இகழாதீர்கள்

தமிழ்நாட்டுக்கு வானொலியைக் கொண்டு வந்தது யார் தெரியுமா? அரசாங்கம் அல்ல. பொழுதுபோக்குக்காரர்கள்தான். 1924–ம் ஆண்டு மே 16–ந் தேதி சென்னையில் "மதராஸ் மாகாண ரேடியோ கிளப்" தொடங்கியது. அதை உண்டாக்கியவர் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார். அந்த ஆண்டு ஜூலை 31–ந் தேதியே ஒலிபரப்பு ஆரம்பம் ஆகி விட்டது. பணம் இல்லாமல் 1927–ல் கிளப் நின்றது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்று, பிறகு ஒலிபரப்பு நடத்தியது. சென்னை அகில இந்திய வானொலி நிலையம் 1938–ல்தான் வந்தது. திருச்சி நிலையம் 1939–ல் வந்தது. பொழுதுபோக்குக்காரர்கள் போட்ட பாதையில் அரசாங்கம் நடந்தது.

இன்னொரு நிகழ்ச்சி. 2004–ம் ஆண்டு டிசம்பர் மாதம். பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானுக்குப் போயிருந்தது. அந்தமானில் இருந்து ஹாம் ஓசை கேட்டுப் பல ஆண்டுகள் ஆகி விட்டன. எனவே உலகத்து ஹாம்கள் எல்லாம் அந்தமானோடு பேசத் துடித்தார்கள். போர்ட் பிளேரில் இருந்து அந்தக் குழு ஆயிரக்கணக்கான பேரோடு பேசிக் கொண்டிருந்தது. விளையாட்டுத்தான்!

டிசம்பர் 26–ந் தேதி சுனாமி வந்தது. டெலிபோன் அறுந்தது. உடனே விளையாட்டு நின்றது. அதே கருவி, அதே ஆட்கள், ஆபத்து உதவிக்குத் திரும்பினார்கள். யார் பிழைத்தார்கள், எங்கே உதவி வேண்டும் என்ற செய்திகள் அந்த நிலையத்தின் வழியாகப் போயின.

அவர்கள் சுனாமிக்காகவா அந்தமான் போனார்கள்? இல்லை. ஆனால் கருவி தயாராக இருந்தது. கையும் காதும் பழகி இருந்தன. ஆபத்து வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது. முன்னாலேயே குளத்தில் விளையாடி இருக்க வேண்டும்.

நவம்பர் மாதம் நமக்குப் புயல் மாதம். அந்த மாதத்தில்தான் பெரிய போட்டியும் வருகிறது. ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்க இதை விட நல்ல நாள் வேண்டுமா?

லயம் தெரிந்த ஊர்

"நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வருமா?" என்று சந்தேகப்பட வேண்டாம். புதுக்கோட்டைக்கு வராவிட்டால் வேறு எந்த ஊருக்கு வரும்?

கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் என்று பேர் பெற்ற மாமூண்டியா பிள்ளை எந்த ஊர்? புதுக்கோட்டை. மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் கொடி கட்டிப் பறந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை எந்த ஊர்? புதுக்கோட்டை. தாள உலகத்தில் "புதுக்கோட்டைப் பாணி" என்று தனி மரபே உண்டு.

மோர்சும் தாளம்தான். அதைக் கண்ணால் படிக்கக் கூடாது. காகிதத்தில் புள்ளியும் கோடும் எழுதி மனப்பாடம் செய்பவன் பாதி வழியில் நின்று விடுவான். "டிட்-டா" என்றால் "ஏ". "டா-டிட்-டிட்-டிட்" என்றால் "பி". மிருதங்கம் கற்கும் பையன் "தகதிமி" என்று வாயால் சொல்லிப் பழகுவது போல, வாயால் சொல்லிப் பழக வேண்டும். 1930–களில் லுட்விக் கோச் என்ற ஜெர்மானியரும் இதைத்தான் ஆராய்ந்து சொன்னார். முதலில் இரண்டே எழுத்து. ஆனால் முழு வேகத்தில். அது காதில் பதிந்ததும் மூன்றாவது எழுத்து. இப்படி ஏற வேண்டும்.

இன்னொரு செய்தி. இதற்குச் சரளமான இங்கிலீஷ் தேவை இல்லை! இருபத்தாறு எழுத்தும் பத்து எண்ணும் தெரிந்தால் போதும். நாக்கு தடுமாறுமே, உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களே என்ற பயம் கிடையாது. லண்டன்காரனும் பொன்னமராவதிப் பையனும் தட்டும் ஓசை ஒன்றுதான்.

சைக்கிள் கற்ற ஊர்

"சரி, பெண் பிள்ளைகளுக்கு ரேடியோ எதற்கு?" என்று சிலர் இழுப்பார்கள்.

அவர்களுக்குப் புதுக்கோட்டையே பதில் சொல்லி விட்டது. 1991–ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துத் தெரியாத தாய்மார்கள் சிலேட்டைப் பிடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. சைக்கிளையும் பிடித்தார்கள்! வயலில் களை எடுத்தவர், குவாரியில் கல் உடைத்தவர், பிள்ளை பெற்றவர் என்று ஆயிரம் ஆயிரமாகப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஊர்வலம் போனார்கள். முதலில் கேலி செய்தவர்கள் உண்டு. பிறகு அவர்களே வழி விட்டார்கள்.

அன்று சைக்கிளைக் கேலி செய்தது போல, இன்று மோர்சைக் கேலி செய்யலாம். பெரிய வயதில் "அ, ஆ" கற்ற தாய்மார்களுக்கு ஒன்று தெரியும். அர்த்தம் இல்லாத கோடாகத் தெரிந்தது, ஒரு நாள் திடீர் என்று எழுத்தாகப் பேசும். அந்தச் சந்தோஷத்துக்கு விலை இல்லை. இரைச்சலாகக் கேட்ட "டிட், டா" ஒரு நாள் பேராகக் காதில் விழும் போதும் அதே சந்தோஷம்தான்.

கேட்கத் தக்க கேள்விகள்

"செயற்கைக் கோள் போன் வந்து விட்டதே?" என்பார்கள். வரட்டும். கலெக்டர் கையில் இருக்கட்டும். கறம்பக்குடியில் இருந்து உள்ளே போகும் ஒவ்வொரு கிராமத்திலும் அது இருக்குமா? ஹாம்களும் ஆபத்துக் காலத்தில் பெரும்பாலும் வாய்ப் பேச்சில்தான் செய்தி அனுப்புகிறார்கள். அது எடுபடாத போது கடைசிக் கை மோர்ஸ். கடைசிக் கை இல்லாதவன் சீட்டு ஆடக் கூடாது!

"வேலை கிடைக்குமா?" மோர்ஸ் மட்டும் கற்றால் வேலை கிடைக்காது. பொய் சொல்ல வேண்டாம். ஆனால் ஹாம் தேர்வு எழுதும் பிள்ளை, மின்சாரம், அலை, சர்க்கியூட் எல்லாம் கற்று விடுகிறது. பற்ற வைக்கும் கோலைக் கையில் பிடித்த பையனுக்கு பாலிடெக்னிக் பாடம் கரும்பு தின்கிற மாதிரி.

"ஆபத்து இல்லையா? கண்டவனும் ரேடியோ பேசலாமா?" பேசக் கூடாது. மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் தேர்வு நடத்துகிறது. 12 வயது நிறைந்த பிள்ளைகளும் எழுதலாம். தேர்ச்சிக்குப் பிறகு விசாரித்துத்தான் உரிமம் தருகிறார்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ரகசியச் சங்கேதம் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. உலகமே ஒட்டுக் கேட்கும் பேச்சு இது. மேல் நிலை உரிமத்துக்கு முன்பு நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் மோர்ஸ் கேட்டார்கள். பிறகு அதை 8 சொல்லாகக் குறைத்தார்கள். நாள்தோறும் அரை மணி பழகினால், சில மாதத்தில் எட்டிப் பிடிக்கக் கூடிய வேகம்தான்.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய திட்டம் வேண்டாம். கோடி ரூபாய் வேண்டாம். நான்கு காரியம் செய்தால் போதும்.

முதலாவது: கடலோரத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், உள்ளே அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம். இந்த ஊர்ப் பள்ளிகளில் மோர்ஸ் வகுப்புத் தொடங்க வேண்டும். "கீ" என்று ஓசை எழுப்பும் ஒரு பஸ்ஸர், ஒரு பேட்டரி, தட்டுவதற்கு ஒரு சாவி. இதற்கு உரிமம் வேண்டாம். ஓசை வகுப்பறையை விட்டு வெளியே போகாது அல்லவா?

இரண்டாவது: பிள்ளைகளுக்குள் போட்டி வைக்க வேண்டும். உலகத்தில் அப்படி ஒரு போட்டி இருக்கிறது. 1995–ல் ஹங்கேரி நாட்டில் ஷியோஃபோக் என்ற ஊரில் அதிவேகத் தந்தி உலகப் போட்டி முதல் முதலாக நடந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கம்ப்யூட்டர் 50 அழைப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒலிக்கும். சரியாக எழுதினால் அடுத்தது வேகமாக வரும். தப்பினால் வேகம் குறையும். பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே இதைப் பழகலாம். அமெரிக்காவில் டெட் மெக்கெல்ராய் என்பவர் 1939–ல் நிமிடத்துக்கு 75.2 சொல் வேகத்தில் கேட்டு எழுதிச் சாதனை புரிந்தார். நம் பிள்ளைகள் முதலில் 10 சொல் எழுதட்டும்.

மூன்றாவது: நம் ஊர்ப் போட்டிக்கு நம் ஊர் விதி வேண்டும். "599, 22" என்று தட்டுவதோடு நில்லாமல், புயல் செய்தியைத் தட்ட வேண்டும். "கோட்டைப்பட்டினம் பள்ளி. 140 பேர். பால் பவுடர் வேண்டும். இன்சுலின் வேண்டும்." இப்படி ஒரு பையன் தட்ட, அடுத்த அறையில் ஒரு பெண் எழுத வேண்டும். 140 என்பது 14 ஆகி விட்டால் பரிசு கிடையாது. மருந்தின் பேரில் ஓர் எழுத்து மாறினால் பரிசு கிடையாது. முதல் பரிசு பிழை இல்லாமைக்கு. இரண்டாவது பரிசுதான் வேகத்துக்கு.

நான்காவது: பள்ளியில் தேறிய பிள்ளைகளை உரிமத் தேர்வுக்கு அனுப்ப வேண்டும். தாலுகாவுக்கு ஒரு நிலையமாவது உண்டாக வேண்டும். பள்ளிக்கூடமோ, பாலிடெக்னிக்கோ, எங்கே வைத்தாலும் சரி. நவம்பர் போட்டியில் அந்த நிலையங்கள் கலந்து கொள்ள வேண்டும். பேட்டரியில் மட்டும் ஓட்ட வேண்டும். அரசு மின்சாரத்தைத் தொடக் கூடாது. அப்போதுதான் அது உண்மையான ஒத்திகை.

அடுத்த புயலுக்கு முன்னால்

கஜா போய் விட்டது. சாய்ந்த தென்னைக்குப் பதிலாகப் புதுக் கன்று நட்டார்கள். அது காய்க்க ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தேதான் நட்டார்கள். நாளைக்கு வேண்டும் என்பதற்காக இன்றைக்கு நடுவது விவசாயிக்குப் புதிது அல்ல.

மோர்சும் ஒரு கன்றுதான். இதற்குத் தண்ணீர், நாளுக்கு அரை மணிப் பயிற்சி. உரம், ஆண்டுக்கு ஒரு போட்டி.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை மேஜையில் "டிட், டா" என்று தட்டினால் அதட்டாதீர்கள். ஆசிரியர்களே! வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதிகாரிகளே! ஒரு பள்ளியிலாவது தொடங்கிப் பாருங்கள்.

வங்காள விரிகுடா சும்மா இருக்கப் போவது இல்லை. இன்னொரு புயல் ஒரு நாள் வரும். அன்றைக்கும் மின்சாரம் போகும். செல்போன் ஊமையாகும். அந்த இருட்டில், ஒரு பள்ளிக்கூட அறையில், 15 வயதுப் பெண் ஒருத்தி பேட்டரியை மாட்டி, சாவியைத் தட்டட்டும். "எங்கள் ஊரில் எல்லாரும் பத்திரம். மருந்து மட்டும் அனுப்புங்கள்" என்ற செய்தி புதுக்கோட்டைக்குப் போய்ச் சேரட்டும்!